கார்டு லிமிட் குறைஞ்சா குறையட்டும், புரோக்கர் கைல காசு குடுத்துடாதீங்க

ராணிப்பேட்டைல ஷூ கம்பெனில சூப்பர்வைசரா இருக்கற ஒரு தம்பி கேட்டிருக்காரு: "சார், என் கிரெடிட் கார்டு லிமிட் 1,80,000 இருந்துச்சு, போன வாரம் திடீர்னு 60,000னு மெசேஜ் வந்துச்சு. ஒரு டியூ கூட மிஸ் பண்ணதில்ல, ஆனா நாலு மாசமா மினிமம் மட்டும்தான் கட்றேன், பாக்கி 52,000 நிக்குது. சிபில் கெட்டுப்போயிடுமா? ஒருத்தர் 5,000 குடுத்தா பழைய லிமிட்டையே வாங்கித் தரேன்றாரு, குடுக்கலாமா?"

கடைசி கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன் தம்பி, குடுக்காதீங்க. லிமிட்ட ஏத்தறதும் எறக்கறதும் பேங்க்ல கம்ப்யூட்டர் பண்ற வேலை, அதுக்குள்ள பூந்து மாத்தற ஆளு வேலூர்லயும் இல்ல சென்னைலயும் இல்ல. அந்த ஆளு உங்க ஆதார், பான், கார்டு போட்டோ எல்லாம் வாட்ஸ்அப்ல வாங்கிக்குவாரு, அப்பால ஒரு ஓடிபி வரும் சொல்லுங்கம்பாரு, இல்லன்னா ஒரு ஆப் அனுப்பி இன்ஸ்டால் பண்ணுங்கம்பாரு, அதோட முடிஞ்சுது கதை, 60,000ல பாக்கி போக மிச்சம் இருக்கற 8,000 லிமிட்டும் போயிடும். ஏற்கெனவே ஓடிபி எதாச்சும் சொல்லியிருந்தா இப்பவே கார்ட பிளாக் பண்ணிட்டு சைபர் கிரைம் புகார் நம்பர் 1930க்கு போன் போடுங்க.

இன்னாத்துக்கு குறைச்சாங்கன்னா, நீங்க தப்பு பண்ணீங்கன்னு அர்த்தம் இல்ல. மினிமம், அதாவது பில்லுல குறைஞ்சபட்சம் கட்டியே ஆகணும்னு போட்டிருக்கற தொகைய மட்டும் கட்டிக்கினு வந்தா 'இவருக்கு கைல காசு டைட்டு போல'ன்னு சிஸ்டம் எடுத்துக்குது, அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். 2023 நவம்பர்ல ரிசர்வ் பேங்க் வேற, கார்டு கடனுக்கு ரிஸ்க் வெயிட்ட 125 சதவீதத்துலேர்ந்து 150 ஆக்கிடுச்சு, அதாவது கார்டுல கடன் குடுக்கணும்னா பேங்க் சொந்தக் காசு ஜாஸ்தி ஒதுக்கணும், அதனால எங்க குறைக்கலாம்னு பாத்துக்கினே இருக்காங்க. ரூல் எப்படின்னா, லிமிட்ட ஏத்தணும்னா உங்க சம்மதம் கண்டிப்பா வேணும், எறக்கறதுக்கு ஒரு தகவல் சொன்னா போதும். ஏத்தறப்ப சாப்பாட்டு நேரத்துலயும் போன் பண்ணி கெஞ்சுவாங்க, எறக்கறப்ப ஒரே ஒரு வரி மெசேஜ். பேங்க்ல 22 வருசம் குப்பை கொட்டின எனக்கே பாதியா குறைச்சாங்க, வேலூர் கிரீன் சர்க்கிள் டிராபிக்ல வண்டில நிக்கறப்ப மெசேஜ் வந்துச்சு, கஸ்டமர் கேர்ல 40 நிமிஷம் பாட்டு கேட்டதுக்கு அப்பறம் 'இன்டர்னல் பாலிசி சார்'னு ரெண்டே வார்த்தை. பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கற ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மேன் கிட்ட போனாலும் லிமிட் பேங்கோட வியாபார முடிவுன்னு தள்ளிடுவாங்க, தகவலே சொல்லாம குறைச்சிருந்தாலோ தப்பா சார்ஜ் போட்டிருந்தாலோ மட்டும் போங்க, அங்க புகார் குடுக்க காசு கட்ட வேணாம்.

இப்ப சிபில், அதாவது உங்க கடன் ஸ்கோர். லிமிட்ல எவ்வளவு யூஸ் ஆயிருக்குன்னும் அதுல பாப்பாங்க. முன்னாடி 1,80,000ல 52,000ன்னா 29 சதவீதம்தான், இப்ப 60,000ல அதே 52,000, கிட்டத்தட்ட 87 சதவீதம் ஆயிடுச்சு. 30க்குள்ள இருந்தா நல்லதுன்னு சொல்வாங்க, சட்டம்லாம் ஒண்ணும் இல்ல. ஸ்கோர் கொஞ்சம் எறங்கும், ஆனா நிரந்தரமா ஒட்டிக்காது, பாக்கி குறைய குறைய தானா ஏறும். 2025 ஜனவரிலேர்ந்து பேங்க் 15 நாளுக்கு ஒரு தடவயாச்சும் சிபிலுக்கு தகவல் அனுப்பணும்னு ஆயிடுச்சு, அதனால முன்ன மாதிரி ரொம்ப காத்துக்கினு இருக்க வேணாம். 60,000ல 30 சதவீதம், அதாவது 18,000க்கு பாக்கிய கொண்டு வரணும்னா 34,000 கட்டணும், ஒரே மாசத்துல முடியாதுதான்.

லிமிட்ட விட்டுட்டு ஸ்டேட்மென்ட எடுத்து வெச்சு வட்டி வரியப் பாருங்க. மாசம் 3.5 சதவீதம்னு வெச்சா 52,000க்கு 1,820, அது மேல ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக சுமார் 2,150. மினிமம் 5 சதவீதம்னா 2,600. நீங்க கட்ற 2,600ல அசல் கழியறது வெறும் 450. போதாததுக்கு மினிமம் கட்றவங்களுக்கு புதுசா தேய்க்கற ஒவ்வொரு ரூபாய்க்கும் அன்னிக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிடும். அதனால மொதல்ல கார்ட பீரோல வெச்சு பூட்டுங்க, பாக்கிய இஎம்ஐ ஆக்கித் தர முடியுமான்னு பேங்க்ல கேளுங்க, பெரும்பாலும் வட்டி பாதிக்கும் கீழ வந்துடும்.

ஆனா இதுல ஒண்ணு இருக்கு, எல்லாரும் மாட்டற எடம். இஎம்ஐ ஆக்கிட்டா லிமிட் திரும்ப ஃப்ரீ ஆயிடும்னு நெனைக்கறாங்க, ஆவாது. சத்துவாச்சாரிலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க, பிரிட்ஜு 36,000, 12 மாச இஎம்ஐ, லிமிட் 50,000க்கு குறைஞ்சிருந்துச்சு. "மாசம் மூவாயிரம் சொச்சம்தானே சார், மீதி 46,000 இருக்கணுமே, மளிகை கடைல ஏன் டிக்ளைன் ஆச்சு?"ன்னாங்க. மொத்த 36,000ஐயும் பேங்க் பிடிச்சு வெச்சிருக்கும், நீங்க அசல் கட்ட கட்ட அந்த அளவுக்குத்தான் விடும், அவங்களுக்கு லிமிட்ல மிச்சம் இருந்தது 14,000தான். உங்களுக்கும் அதே கதைதான், இஎம்ஐ போட்ட உடனே லிமிட்ல 8,000க்கு மேல நிக்காது. எல்ஐசி, கரண்ட் பில்லுன்னு கார்டுல ஆட்டோ பே எதாச்சும் இருந்தா பேங்க் அக்கவுண்டுக்கு மாத்திடுங்க.

அப்பறம் இந்த ஸ்வைப் பண்ற கடைங்க. கமிஷன் எடுத்துக்கினு கார்ட தேச்சு கேஷ் தருவாங்க, டியூ தேதிக்கு அவங்களே பில்லும் கட்டி மறுபடி தேச்சு எடுத்துக்குவாங்க, "ரொட்டேஷன்"னு பேரு. கிரெடிட் கார்ட தேச்சு கேஷ் குடுக்க கடைக்கு அனுமதியே கிடையாது. ஒரே கடைல மாசா மாசம் ரவுண்டா 50,000 தேயறத சிஸ்டம் பாத்துக்கினுதான் இருக்கும், லிமிட் குறையறதுக்கு அதுவே போதும். அந்த வழிக்கு போவாதீங்க.

கோவத்துல கார்ட க்ளோஸ் பண்ணாதீங்க, இது போச்சுன்னு ஒரே வாரத்துல நாலு பேங்க்ல அப்ளை பண்ணவும் வேணாம். பாக்கிய முழுசா கட்டிட்டு அப்பறம் ஒரு ஆறு மாசம் ஃபுல் பில் கட்டுங்க, அப்ப சேலரி ஸ்லிப்ப வெச்சு நீங்களே ஆப்ல லிமிட் கேளுங்க. அதுக்குள்ள அந்த 5,000 கேட்ட ஆளு திரும்ப கூப்பிட்டாருன்னா பேங்க் ஐடி கார்டோட பிராஞ்சுக்கு வரச் சொல்லிப் பாருங்க, வரமாட்டாரு.