டோசிங் பம்ப்: கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

மண்டபத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தின் கடல்நீர்த் தொட்டிகளைப் பல வருடம் கழுவி, அளந்து, திட்டும் வாங்கியவன் நான். டோசிங் பம்ப் என்றால், பவளம் எடுத்துத் தீர்க்கும் காரத்தையும் கால்சியத்தையும் கரைசலாக நேரம் பார்த்து, அளந்து தொட்டியில் ஊற்றும் சின்ன மெஷின். அதைப் பற்றிக் கேட்பவர்கள் மூன்று எண்களைக் கட்டாயம் எழுதுங்கள்: தொட்டி எத்தனை லிட்டர், நேற்று கேஎச் எவ்வளவு, இன்று அதே நேரத்தில் எவ்வளவு. கேஎச் என்றால் தண்ணீரின் காரத்தன்மை. பவளம் எலும்பு கட்டக் கட்ட அது இறங்கும். எண் இல்லாமல் கேட்டால் பதில் சின்னதாகத்தான் வரும்.

ராமநாதபுரம்: அண்ணே, 150 லிட்டர் தொட்டி. மென்பவளம் மட்டும்தான். நேற்றும் இன்றும் கேஎச் 8. தினமும் கையால் ஊற்ற சோம்பலாக இருக்கிறது. பம்ப் வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. கேஎச் இறங்கவே இல்லையே, எதற்கு ஊற்றுகிறீர்கள்? மென்பவளத்துக்குக் கல் எலும்பு கிடையாது. கண்ணாடியில் படரும் இளஞ்சிவப்புப் பாசி கொஞ்சம் எடுக்கும், அவ்வளவுதான். ஒரு வாரம் எதுவும் ஊற்றாமல் அளந்து பாருங்கள். வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினாலே உங்களுக்குப் போதும். பம்ப் காசில் நல்ல டெஸ்ட் கிட் வாங்குங்கள்.

கீழக்கரை (இப்போது துபாய்): காக்கா, 200 லிட்டர், கல்பவளம். நேற்று 8, இன்று 7. இரண்டு கரைசலைத் தனித்தனியே தள்ளும் இரண்டு தலை உள்ள பம்ப் வாங்கிவிட்டேன். கரைசல் எப்படிக் கலப்பது, எந்த நேரத்தில் ஓட்டுவது?

எண்ணோடு கேட்ட புண்ணியவான்! உங்களுக்கு விரிவாகவே சொல்கிறேன்.

200 லிட்டரில் கேஎச் 1 ஏற்ற 6 கிராம் ஆப்ப சோடா வேண்டும். சுத்தமான சோடியம் பைகார்பனேட்டாக இருக்கட்டும். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதில் மாவும் அமிலமும் கலந்திருக்கும். ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் 60 கிராம் கரைத்தால் 100 மில்லிக்குக் கேஎச் 1. இன்னொரு பாட்டிலில் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட், லிட்டருக்கு 52 கிராம். பவளம் இரண்டையும் ஒரே விகிதத்தில்தான் எடுக்கும். கேஎச் 1 இறங்கும்போது கால்சியம் ஏழு பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) சொச்சம் இறங்கும். அதனால் இரண்டு பாட்டிலிலிருந்தும் நாளைக்கு 100 மில்லி.

அந்த நூறையும் ஒரே மூச்சில் ஊற்றாதீர்கள். பத்துப் பங்காகப் பிரியுங்கள். சோடா ஓடி ஒரு மணி நேரம் கழித்துக் கால்சியம் ஓடட்டும், அதுவும் தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில். இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தால் சுண்ணாம்பாகி உதிர்ந்துவிடும். ஒருமுறை அவசரத்தில் நானே இரண்டையும் சம்ப்பின் (தொட்டியோடு இணைந்து கீழே இருக்கும் துணைத் தொட்டி) ஒரே மூலையில் ஊற்றினேன். தொட்டி மோர் மாதிரி வெளுத்தது. பம்ப்பின் உள்ளே படிந்த வெள்ளையை வினிகரில் ஊறவைத்து எடுக்க இரண்டு நாள் ஆயிற்று.

பம்ப் சொல்லும் மில்லியை நம்ப வேண்டாம். 10 மில்லி ஓடச் சொல்லி அளவுக் குழாயில் பிடியுங்கள். பம்ப்புக்குள் உருளை அழுத்தி அழுத்திக் குழாய் தொய்ந்தால் பத்து எட்டாகும். மாதம் ஒருமுறை இப்படிப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு குழாயாவது மாற்றுங்கள். இந்த உப்புகளால் தொட்டியில் உப்பளவும் மெல்ல ஏறும், அதற்குத்தான் தண்ணீர் மாற்றுவது. மெக்னீசியத்தை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும், 1300 பிபிஎம் பக்கம் இருக்கட்டும்.

அப்புறம், குழாயின் முனை தண்ணீருக்கு மேலே தொங்க வேண்டும். இதை இன்னும் பத்து தடவை சொல்வேன். ஒருமுறை என் பம்ப்பில் முனை சம்ப்பில் மூழ்கியிருந்தது, குழாயும் தேய்ந்திருந்தது. ராத்திரியோடு ராத்திரியாக அரை லிட்டர் சோடாத் தண்ணீர் தானாக இறங்கிவிட்டது. காலையில் கேஎச் 8 இருந்த இடத்தில் 13. பாட்டிலில் இரண்டு விரல் அளவுதான் மிச்சம். அன்றிலிருந்து என் பாட்டிலில் ஒரு வாரத்துக்கு மேல் கரைசல் வைப்பதில்லை.

பரமக்குடி: சார், எந்த பிராண்ட் பம்ப் நல்லது?

மாற்றுக் குழாய் உங்கள் ஊரில் கிடைக்கிற பிராண்ட்.

தேவிபட்டினம்: 100 லிட்டர் தொட்டிக்கு எத்தனை மில்லி?

கேஎச் எங்கே?

ஏர்வாடி: அண்ணா, பம்ப்பெல்லாம் விலை. வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினால் என்ன? அதுவும் கால்சியம்தானே?

நல்ல கேள்வி தங்கச்சி. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பொருள் அதேதான், கால்சியம் ஹைட்ராக்சைடு. கால்சியத்தையும் காரத்தையும் ஒன்றாகவே தரும். ஆனால் டப்பாச் சுண்ணாம்பில் வேறு என்ன இருக்கிறது என்று டப்பாவில் போட்டிருக்காது. ஆய்வகத் தரத்தில் வாங்கி, லிட்டர் ஆர்ஓ தண்ணீருக்கு 2 கிராம் போட்டுக் கலக்கித் தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிவை மட்டும், ராத்திரியில், சொட்டுச் சொட்டாக விடுங்கள். அதன் பிஎச் 12க்கு மேல், கண்ணில் படக் கூடாது. அன்றைக்கு ஆவியான தண்ணீரின் அளவைத் தாண்டவும் கூடாது.

இந்தக் கரையில் ஒரு காலத்தில் பவளப்பாறையையே வெட்டி எடுத்துச் சுண்ணாம்பு சுட்டார்கள். இன்று நாம் சுண்ணாம்பு ஊற்றிப் பவளம் வளர்க்கப் பார்க்கிறோம்.

தங்கச்சிமடம்: அண்ணே, வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். தினம் நாலு குடம் கடல்தண்ணீர் மாற்றினால் முடிந்தது. மெஷின் எதற்கு?

மென்பவளத் தொட்டி என்றால் நீங்கள் சொல்வது சரி, எனக்கே பொறாமையாக இருக்கிறது. கல்பவளத்துக்குக் கணக்கு ஒத்துவராது. கடலின் கேஎச் ஏறக்குறைய 7. உங்கள் தொட்டி 6க்கு இறங்கியிருந்தால், முழுத் தண்ணீரையும் மாற்றினால்தான் அந்த 1 ஏறும். துபாய்த் தம்பியின் தொட்டிக்கு அது தினம் 200 லிட்டர். 10 லிட்டர் குடத்தில் இருபது நடை.

பாம்பன்: நடை இருக்கட்டும். எடுப்பதைத் தென்கடலில் (மன்னார் வளைகுடா) எடுக்கச் சொல்லுங்கள். வடகடல் (பாக் விரிகுடா) தண்ணீர் சேறு.

தொண்டி: யார் சொன்னது? எங்கள் கடல் குளம் மாதிரி கிடக்கும். ஆண் கடல் என்கிற உங்கள் தென்கடல் ஆனி, ஆடியில் ஆடுகிற ஆட்டம் தெரியாதா?

இரண்டு பேருமே பாதி சரி. வாடை அடிக்கும்போது வடகடல் கலங்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். தென்காற்றுக் காலத்தில் அப்படியே மாறும். எந்தப் பக்கம் அடங்கியிருக்கிறதோ அந்தப் பக்கம் எடுங்கள். மழைக்காலத்தில் ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம் போகவே வேண்டாம். வைகையில் வெள்ளம் வந்தால் அங்கேதான் கடலில் விழும், உப்பளவு இறங்கிவிடும்.

பாம்பன்: அதைத்தான் நானும் சொன்னேன். தென்கடல் என்றைக்கும் நம்பலாம்.

என்றைக்குமா? 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் தென்கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியதை மறந்துவிட்டீர்களா? நாக்டிலூகா என்ற மிதவை உயிர் பெருகிய நேரம் அது. அந்தத் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தால் தொட்டி ஒரே ராத்திரியில் போயிருக்கும். எடுக்குமுன் நிறம் பாருங்கள், முகருங்கள், உப்பளவு அளந்து பாருங்கள்.

தொண்டி: பார்த்தீர்களா! வடகடல்தான்.

சரி, நீங்கள் இருவரும் பாம்பன் பாலத்தில் சந்தித்துப் பேசி முடியுங்கள். இங்கே பம்ப் காத்திருக்கிறது.

ராமேஸ்வரம்: கரையில் ஒதுங்கிய பவளக்கல்லை எடுத்துத் தொட்டியில் போட்டால் கால்சியம் கரையுமா?

தொட்டியின் பிஎச்சில் கரையாது. கரைந்தாலும் எடுக்காதீர்கள். 2001 முதல் பாறை கட்டும் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. செத்த கல்தானே என்று பையில் போட்டாலும் வழக்கு வழக்குதான். காகிதம் இல்லாத பவளத்துக்கு என்னிடம் மில்லிக் கணக்குக் கேட்காதீர்கள்.

முதுகுளத்தூர்: எந்த பிராண்ட் நல்லது அண்ணே?

பரமக்குடிக்காரருக்குச் சொன்னதுதான்.

மண்டபம்: கரண்ட் போய் வந்தால் பம்ப் என்ன செய்யும்?

பம்ப்பைப் பொறுத்தது. சிலவற்றில் கடிகாரம் பன்னிரண்டுக்குத் திரும்பிவிடும். கொடுத்த டோஸையே மறுபடி கொடுக்கும். வாங்கிய அன்றே குழாயை ஒரு காலி டம்ளரில் விட்டு, பிளக்கைப் பிடுங்கிப் போட்டுப் பாருங்கள். நேரம் மறக்கிற பம்ப் என்றால் இன்வெர்ட்டரில் மாட்டுங்கள். ஆனால் தண்ணீரைச் சுற்றும் மோட்டாரும் அதே இன்வெர்ட்டரில் ஓட வேண்டும். நிற்கிற தண்ணீரில் சோடா இறங்கினால் அந்த மூலையிலேயே வெள்ளை படியும்.

தேவிபட்டினம்: நேற்று 7.5, இன்று 7.2. இப்போது சொல்லுங்கள், எத்தனை மில்லி?

இப்படிக் கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கிறது! 100 லிட்டருக்கு 0.3 ஏற்ற ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவான சோடா. மேலே சொன்ன கரைசலில் 15 மில்லி. கால்சியக் கரைசலும் 15. இதற்குப் பம்ப் வேண்டாம், சிரிஞ்ச் போதும். காலையில் சோடா, சாயங்காலம் கால்சியம்.