20,000 ரூபாய்க்கு டபுள் பெடல் வாங்கலாமா?

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் நான்கு வருடமாக டிரம்ஸ் வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சிலும் வாசிப்பேன். பெரிய பேஸ் டிரம்மைக் காலால் அடிக்க செட்டோடு வந்த பெடல் பாட்டுக்குப் பாட்டு முன்னால் நகர்ந்துவிடுகிறது. மிதித்தால் டிரம்மில் போய் அடிக்கும் சுத்தியலான பீட்டரும் ஒரு பக்கமாக இழுக்கிறது. சிம்பல் தட்டுகளைத் தாங்கும் ஸ்டாண்டுகள் ஆட்டம் கண்டுவிட்டன. கையில் 20,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். 'இரண்டு காலாலும் அடிக்கிற டபுள் பெடலாக, நல்ல கம்பெனியில் வாங்கிவிடு' என்கிறார்கள் நண்பர்கள். வாங்கலாமா?

பதில்: தம்பி, பணத்தை இன்னும் ஒரு வாரம் பத்திரமாக வைத்திருங்கள். நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளில் ஒன்றுக்குக் காசே தேவைப்படாமல் போகலாம்.

பெடல் நகர்கிறது என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்கு நகர்வது பெடல் அல்ல, பேஸ் டிரம். அதன் இரண்டு பக்கமும் இருக்கும் முன்கால்களைப் பாருங்கள். நுனியில் இருக்கும் ரப்பரைத் திருகிப் பின்னால் தள்ளினால் உள்ளே கூரான ஆணி இருக்கும். நிறையப் பேர் அதை வெளியே எடுத்ததே கிடையாது. ஆணியை வெளியே விட்டு, கால்களை முன்னோக்கிச் சாய்த்து, டிரம்மின் முன்பக்க வளையம் தரையிலிருந்து ஒரு விரல் கனம் எழும்பும்படி வையுங்கள். அடுத்தது விரிப்பு. ஊர்த் திருவிழா மேடைகளில் பலகைமேல் பந்தல்காரர் விரிக்கும் கார்ப்பெட் பலகையோடு ஒட்டுவதில்லை. நீங்கள் அடிக்க அடிக்க கார்ப்பெட்டே செட்டைச் சுமந்துகொண்டு நகரும். அடியில் ரப்பர் உள்ள விரிப்பு ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். பேஸ் டிரம்மும் நீங்கள் உட்காரும் ஸ்டூலும் அதே விரிப்பின்மேல் இருக்க வேண்டும். உங்கள் உடல் எடைதான் நங்கூரம். ஸ்டூல் விரிப்புக்கு வெளியே போனால் இந்த ஏற்பாட்டில் பயன் இல்லை.

பீட்டர் ஒரு பக்கம் இழுக்கிறது என்றீர்கள். இது வேறு விஷயம், பெடலின் வயதைக் காட்டும் விஷயம். பெடலை டிரம்மோடு பிணைக்கும் கிளாம்ப், டிரம் வளையத்தை நேராகக் கவ்வியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பீட்டர் கம்பியை இரண்டு விரலால் பிடித்து இடமும் வலமும் அசையுங்கள். கம்பி மட்டும் ஆடினால் திருகாணியை இறுக்கினால் போதும். கம்பியோடு மேலே உள்ள அச்சும் சேர்ந்து டக் டக் என்று ஆடினால் அச்சைத் தாங்கும் பேரிங்கோ புஷ்ஷோ தேய்ந்துவிட்டது. பேரிங் என்றால் கழற்றி எடுத்துப் பேரிங் கடையில் காட்டுங்கள். பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். அதே எண்ணில் வேறு போட்டுக்கொள்ளலாம். மலிவான பெடல்களில் பேரிங்குக்குப் பதில் வார்ப்பில் ஒரு ஓட்டை மட்டும் இருக்கும். ஓட்டை அகன்றுவிட்டால் லேத் பட்டறையில் புஷ் அடித்துத் தருவார்கள். ஆனால் அந்தக் கூலிக்கு அந்தப் பெடல் தகுதியானதா என்பது வேறு கேள்வி.

சரி, புதுப் பெடல் தேவை என்றே வைத்துக்கொள்வோம். டபுள் பெடல் வேண்டாம் என்பது என் கட்சி. ஹெவி மெட்டல் இசை வாசிக்கிற பையன் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். நீங்கள் வாசிக்கும் சினிமாப் பாட்டுக்கும் குத்துக்கும் கீர்த்தனைக்கும் ஒரு கால் போதும். இடது கால், இரட்டைச் சிம்பலைத் திறந்து மூடும் ஹைஹாட்டில்தான் இருக்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. டபுள் பெடலில் விலை இரண்டு பெடலுக்கும், நடுவே இணைக்கும் கம்பிக்கும், அதன் இரண்டு முனையில் உள்ள மூட்டுகளுக்கும் பிரிந்து போகிறது. அதே பணத்தில் ஒற்றைப் பெடல் வாங்கினால் ஒரு படி மேலான சாமான் கிடைக்கும். மலிவான டபுள் பெடலில் அந்த மூட்டுகள்தான் முதலில் தளரும். இடது காலால் மிதித்தால் பீட்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும்.

பணத்தைப் பிரிக்கச் சொன்னால் நான் இப்படிப் பிரிப்பேன்: ஏறக்குறைய பாதி பெடலுக்கு, கால் பங்கு ஸ்டூலுக்கு, மிச்சம் ஸ்டாண்டுகளின் சில்லறைச் சாமான்களுக்கும் விரிப்புக்கும்.

ஸ்டூலைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. யாருமே எழுதுவதில்லை. பந்தல்காரரின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மூன்று மணி நேரக் கச்சேரி வாசித்துவிட்டு, கால் வேகம் வரவில்லை என்று பெடலைத் திட்டுவோம். தொடை முழங்காலை நோக்கி லேசாகச் சரிந்திருக்கும் உயரம்தான் காலுக்குச் சுகம். நாற்காலியில் அது அமையாது. திருகுக் கம்பி வைத்த, அகலமான மூன்று கால் ஸ்டூல் வாங்குங்கள். கம்பியின் ஓட்டையில் ஊசி சொருகும் வகை உயரத்தைப் படிப்படியாகத்தான் மாற்றும். அந்த ஊசி ஓட்டையும் சீக்கிரம் தேய்ந்துவிடும். கடையில் உட்கார்ந்து இடுப்பைத் திருப்பிப் பாருங்கள். கிறீச் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது பெடல். கடைக்காரர் முதலில் மிதிபலகையையும் பீட்டர் அச்சையும் இணைக்கும் செயினைத்தான் காட்டுவார். 'டபுள் செயின், தம்பி!' என்பார். இரண்டு வரிசைச் செயின் பக்கவாட்டு ஆட்டத்தைக் கொஞ்சம் குறைக்கும். வேகத்தைக் கூட்டாது. செயின் என்பதே பெடலுக்குப் பிறகு வந்து சேர்ந்ததுதான். சிகாகோவில் லட்விக் சகோதரர்கள் 1909இல் பெடலைச் சந்தைக்குக் கொண்டுவந்த காலத்தில் செயின் பேச்சே இல்லை. அவர்களில் ஒருவரான வில்லியம் லட்விக் பிறகு தனியாகத் தொடங்கிய கம்பெனியிலிருந்து 1937இல் வந்த ஸ்பீட் கிங் பெடலில், மிதிபலகையையும் அச்சையும் ஒரு உலோகத் துண்டு நேராக இணைத்தது. ஸ்பிரிங்குகள் இரண்டும் தூண்களுக்குள் ஒளிந்திருந்தன. லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் டிரம்மர் ஜான் போனம் மிதித்தது அந்த வகையைத்தான். அந்தக் குழுவின் 1970ஆம் ஆண்டு இசைத்தட்டில் அந்தப் பெடல் கிறீச்சிடுவது கேட்கும். பெரிய ஆள் வாசித்தால் அதுவும் அழகாகிவிடுகிறது. நம் மேடையில் ஒலிபெருக்கிக்காரர் திட்டுவார். தோல் பட்டை வைத்த பெடல்களை ஓரங்கட்டிச் செயின் பரவியது 1980களில், டி.டபிள்யூ. கம்பெனியின் 5000 வரிசைக்குப் பிறகு.

செயின் சுற்றும் சக்கரத்தின் வடிவம்தான் காலுக்குத் தெரியும் வித்தியாசம். முழு வட்டமாக இருந்தால் மிதிக்கிற அளவுக்கு ஒரே சீராகப் பீட்டர் நகரும். முட்டை வடிவில் இருந்தால் கடைசிக் கட்டத்தில் வேகம் பிடித்துப் போய் அறையும். எனக்கு வட்டம்தான் பிடிக்கும். சர்ச்சில் மெதுவாக அடிக்க வேண்டிய இடங்கள் உங்களுக்கு நிறைய இருக்கும் என்பதால் உங்களுக்கும் அதையே சொல்வேன். செயினுக்குப் பதில் நேரடித் தண்டு வைத்த டைரக்ட் டிரைவ் வகையைக் குறைந்த விலையில் தொடவே வேண்டாம். செயின் மறைக்கும் சின்னத் தளர்ச்சியைக்கூடத் தண்டு காலுக்குச் சொல்லிவிடும்.

பெயர் சொல்லுங்கள் என்பீர்கள். டாமாவின் அயர்ன் கோப்ரா 200, பேர்ல் கம்பெனியின் 930, யமஹாவின் 8500 ஆகியவை நடுத்தர வரிசையில் மிதித்துப் பார்க்க வேண்டியவை. விலை கடைக்குக் கடை மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள். பெயரைவிடக் கடையில் பத்து நிமிடம் செய்யும் சோதனை முக்கியம்.

திருகாணிகளைத் திருகும் டிரம் கீயை மறக்காமல் கொண்டுபோங்கள். பீட்டர் அச்சை நான் சொன்னபடி அசைத்துப் பாருங்கள். மிதிபலகையைப் பிடித்துக் குதிகால் கீல் பக்கம் முறுக்கிப் பாருங்கள். இரண்டிலும் ஆட்டம் இருக்கக் கூடாது. அப்புறம் பீட்டரைப் பின்னால் இழுத்துவிடுங்கள். நல்ல பெடலில் பீட்டர் ஊஞ்சல் மாதிரி வெகுநேரம் ஆடி ஓயும். உராய்வு உள்ளதில் நாலைந்து ஆட்டத்தில் நின்றுவிடும். பீட்டரைப் பிடிக்கும் திருகாணியைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். கைக்கு மணல் நெரிவது போலத் தெரிந்தால் மரை சரியில்லை, ஆறு மாதத்தில் வழுக்கிவிடும். கிளாம்ப்பை இறுக்கும் காதுத் திருகு பக்கவாட்டில் இருந்தால் நல்லது. டிரம்முக்கு அடியில் கை விட்டு இருட்டில் தடவ வேண்டியதில்லை. அடியில் தகடு உள்ளதாக எடுங்கள். கம்பிச் சட்டம் மட்டும் உள்ள பெடல் எடை குறைவு, மடக்கவும் எளிது, ஆனால் பலகை மேடையில் முறுக்கிக்கொள்ளும்.

கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு மிதியுங்கள். கோயில் மேடையில் வெறுங்காலில்தானே வாசிக்கிறோம்? சில மிதிபலகைகளில் கம்பெனிப் பெயரைப் புடைப்பாக வார்த்திருப்பார்கள். ஷூவோடு வாசிக்கிறவனுக்கு அது நல்ல பிடிப்பு. நமக்கு ஒரு கச்சேரி முடிவதற்குள் அந்த எழுத்து உள்ளங்காலில் அச்சாகிவிடும். பங்குனி, சித்திரையில் மதியமே மேடையில் செட்டைப் போட்டுவிட்டால் அந்த உலோகம் என்ன சூடு சுடும் என்று உங்களுக்கே தெரியும். வழவழப்பான பலகையாக எடுங்கள், மேலே ஈரத்துணி போட்டு வையுங்கள்.

எந்தப் பெடல் வாங்கினாலும் கூடவே ஸ்பிரிங் ஒன்று உபரியாக வாங்குங்கள். மேலூர்ப் பக்கம் ஒரு பொங்கல் கச்சேரியில் என் ஸ்பிரிங்கின் கொக்கி மூன்றாவது பாட்டில் உடைந்தது. பீட்டர் டிரம்மில் ஒட்டிக்கொண்டு திரும்பி வரவே இல்லை. ஸ்பீக்கர் கட்டும் பையன் சைக்கிள் டியூப்பைக் கத்தரித்து இரண்டு மடிப்பாக மாட்டிவிட்டான். இழுவை அரைகுறைதான், குத்துப் பாட்டு வரும்போதெல்லாம் டெம்போ என் கையில் இல்லை. விடியும்வரை அப்படியே ஓட்டினேன்.

ஸ்டாண்டுகளுக்கு வருவோம். அவை வாசிப்பதால் கெடுவதில்லை, குட்டி யானையில் ஏற்றி இறக்குவதால்தான் கெடுகின்றன. ஆட்டம் கண்ட ஸ்டாண்டைத் தூக்கி எறியாமல் குழாய்கள் சேரும் இடத்தைப் பாருங்கள். நைலான் புஷ் இருந்தால் அதை மாற்றினாலே பாதி ஆட்டம் போய்விடும். புஷ் இல்லாமல் போல்ட் நேராகக் குழாயை அழுத்தும் வகை என்றால் குழாயில் குழி விழுந்திருக்கும். அந்த ஸ்டாண்டுக்குச் செலவு செய்யாதீர்கள். மேல் நுனி மரை பெரும்பாலும் 8 மில்லிமீட்டர்தான். தொலைந்துபோன காது நட்டுக்கு இசைக்கடைக்குப் போக வேண்டாம், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். சில பழைய ஸ்டாண்டுகள் 6 மில்லிமீட்டர், அளந்துகொண்டு போங்கள்.

அந்த நுனியில் பிளாஸ்டிக் ஸ்லீவ் இருக்கிறதா? இல்லாவிட்டால் மரை சிம்பலின் ஓட்டையை அராவி அராவிச் சாவித் துவாரம் மாதிரி ஆக்கிவிடும், பிறகு அங்கிருந்தே விரிசல் ஓடும். கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூப்பில் ஒரு விரல் நீளம் வெட்டிச் சொருகினால் போதும், பத்து ரூபாய்கூட ஆகாது. சிம்பலை நட்டால் நெரிக்காதீர்கள், ஆட இடம் விடுங்கள். சாய்வுக் கம்பி உள்ள ஸ்டாண்டு என்றால் மூன்று கால்களில் ஒன்று சிம்பலுக்கு நேர் கீழே வரட்டும், சாயாது.

புதிதாக வாங்குவதானால் ஹைஹாட் ஸ்டாண்டு மட்டும் நல்லதாக வாங்குங்கள், மற்றவை பழையதே போதும். ஹைஹாட் ஸ்டாண்டிலும் பழுது பெரும்பாலும் மேல் சிம்பலை நடுக்கம்பியோடு பிடிக்கும் கிளட்ச்சில்தான். கீழ் நட்டு பாட்டின் நடுவே கழன்று மேல் சிம்பல் தொங்கிவிடும். கிளட்ச்சைத் தனியாகவே விற்கிறார்கள். வண்டியில் ஏற்றும்முன் நடுக்கம்பியைத் திருகிக் கழற்றிவிடுங்கள். வளைந்த கம்பியை நிமிர்த்தினாலும் அது உள்ளே உரசிக்கொண்டே இருக்கும்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். புழுதியோடு சேர்ந்து பிசின் மாதிரி உறைந்துவிடும். மூடிய பேரிங்குக்கு எதுவும் வேண்டாம். கீலுக்கும் செயினுக்கும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, மேலே வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

பழைய பெடலை விற்றுவிடாதீர்கள், அதற்குப் பெரிதாக ஒன்றும் தர மாட்டார்கள். சாக்கில் சுற்றி வண்டியில் போட்டு வையுங்கள். புது ஸ்பிரிங்கோடு கூட ஒரு துண்டு சைக்கிள் டியூப்பும் அதில் இருக்கட்டும்.