எழுந்து குளிப்பதற்குக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது

கேள்வி: 7 மாதங்களுக்கு முன் நடந்த விபத்தில் என் கணவருக்குத் தலையில் பலத்த அடி. 11 நாள் நினைவில்லாமல் கிடந்தார். இப்போது நடக்கிறார், பேசுகிறார். ஆனால் சொன்னால்தான் குளிக்கிறார். இல்லாவிட்டால் நாள் முழுக்க நாற்காலிதான். கேட்டதையே கேட்கிறார், சின்ன விஷயத்துக்கும் கத்துகிறார். "உடம்பு தேறிடுச்சு, இனிமே எல்லாம் நடிப்பு" என்கிறார்கள் உறவினர்கள். எனக்கும் அப்படித் தோன்றிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அவர் நடிக்கவில்லை சகோதரி. ஒரு வேலையைத் தொடங்கவும் கோபத்தை அடக்கவும் உதவுவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி. தலை மோதும்போது பெரும்பாலும் அடிபடுவதும் அதுதான். மண்டையோட்டின் உட்பக்கம் அங்கே கரடுமுரடாக இருக்கும். குளிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அந்த நினைப்பு அவரை எழுப்பிவிடுவதில்லை, அவ்வளவுதான்.

சிலர் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி வாஷ்பேசின் முன்னால் அப்படியே நிற்பார்கள். "ஏன் நிக்கிறீங்க?" என்றால் எரிச்சல்தான் வரும். ஒன்றும் பேசாமல் பேஸ்ட்டைத் தடவிக் கொடுத்துப் பாருங்கள், மீதியைக் கை பார்த்துக்கொள்ளும். எல்லா வேலைக்கும் இப்படி ஒரு தொடக்கம் வேண்டும்: கையில் துண்டு, போனில் அலாரம், சுவரில் பெரிய எழுத்தில் அன்றைய வேலைகள், தினமும் அதே வரிசையில்.

"ஞாபகம் இருக்கா, சொல்லுங்க பார்ப்போம்" என்று சோதிக்காதீர்கள். யோசித்துத் தப்பாகச் சொன்னால் அந்தத் தப்பே மனதில் பதிந்துவிடும். பதிலை நேராகச் சொல்லி, நோட்டில் எழுத வையுங்கள்.

கோபம் எந்த நேரத்தில் வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். அடிபட்ட மூளை சீக்கிரம் களைத்துவிடும். டிவி சத்தமும் நாலு பேர் பேச்சும் சேர்ந்தால் தாங்காது. கத்தத் தொடங்கிவிட்டால் வாதாடாமல் சற்று விலகி இருங்கள்.

முதல் 6 மாதத்தில் தெரிந்த வேகம் இனி குறையும். ஆனால் முன்னேற்றம் நின்றுவிடாது, ஆண்டுக்கணக்கில்கூடத் தொடரும். அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வலிப்பு மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். மது கூடாது, டாக்டர் சொல்லும்வரை வண்டியும் கூடாது. புதிதாக நடை தடுமாறினாலோ, தலைவலியோடு வாந்தி, அதிகத் தூக்கம், தெரியாமல் சிறுநீர் போவது என்று ஏதாவது வந்தாலோ உடனே காட்டுங்கள்.

அப்புறம், உங்கள் பயம். அது பெரும்பாலும் ஓய்வில்லாத உடம்பின் பயம். நடிப்பு என்று சொன்ன உறவினர்களிடமே வாரம் ஒரு மதியம் அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூடவே இருந்தால் அவர்களுக்கும் புரியும். அந்த நேரத்தில் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.