தோத்தவன் கெட்டான்னு யார் சொன்னது?

கேள்வி: ரெஸ்லிங் மொத்தமும் ஸ்கிரிப்ட்தானே, யார் ஜெயிக்கணும்னு கம்பெனிதானே எழுதுது. அப்போ நல்லா ஆடற ஆளை ரெண்டு வருஷம் வரிசையா ஜெயிக்க வெச்சா ஸ்டார் ஆயிட்டுப் போறான், இதுல என்ன கஷ்டம்? திறமைசாலிகளை ஏன் தோக்கடிச்சு தோக்கடிச்சே அழிக்கிறாங்க? அப்படி அழிஞ்சவன் வெளிய போனா உருப்படுவானா? (பேர் போட வேணாம்னு எழுதின வாசகர்)

பதில்: மூணு கேள்விக்கும் அடியில ஒரே கணக்குதான் இருக்கு, ஜெயிச்சா வளருவான், தோத்தா அழிவான். நிஜ பாக்ஸிங்னா சரி. இது ஸ்கிரிப்ட்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், தெரிஞ்சேதான் பாக்கறோம், அப்புறம் ஜெயிச்சவன் தோத்தவன்னு நோட்டு போட்டு எழுதி என்ன பண்ணப் போறீங்க? ஞாயித்துக்கிழமை பெரிய ஷோ, மறுநாள் திங்கட்கிழமை டிவி ஷோ, ரொம்ப காலம் இதுதான் அவங்க பொழப்பா இருந்துச்சு. நான் எப்பவும் அந்தத் திங்கட்கிழமையைத்தான் பாப்பேன்.

ஸ்டீவ் ஆஸ்டினை எடுத்துக்கோங்க. 1997 மார்ச் 23, ரெஸில்மேனியா 13, டபிள்யூடபிள்யூஎஃப் கம்பெனி வருஷா வருஷம் நடத்தற பெரிய ஷோ. பிரெட் ஹார்ட் 'ஷார்ப்ஷூட்டர்'ங்கற கால் பூட்டு போட்டு இறுக்கிட்டிருக்கார், ஆஸ்டினுக்கு நெத்தி கிழிஞ்சு ரத்தம் மூஞ்சி பூரா வழிஞ்சு பல்லு இடுக்குல இறங்குது, கத்தறார், எழுந்திரிக்கப் பாக்கறார், தோத்துட்டேன்னு கையை மட்டும் தட்ட மாட்டேங்கறார். அப்படியே மயக்கம் போட்டுட்டார், ரெஃப்ரியா இருந்த கென் ஷாம்ராக் மேட்சை நிறுத்திட்டார். ரெக்கார்டுல அது தோல்விதான். ஆனா தூக்கிவிட வந்த வேற ஒரு ரெஃப்ரிக்கு தன்னோட ஸ்பெஷல் அடியான ஸ்டன்னரைப் போட்டுட்டு தட்டுத்தடுமாறி தானே நடந்து போனார் பாருங்க, உள்ள வரும்போது வில்லன், வெளிய போகும்போது ஹீரோ, பிரெட்டுக்கு அப்படியே உல்டா. மறுநாள் திங்கட்கிழமை பிரெட் மைக்கைப் பிடிச்சு அமெரிக்க ரசிகர்களை வாங்கு வாங்குன்னு வாங்கினார், அவ்ளோதான், மாசக்கணக்குல ஓடற கதை ஒரே ராத்திரியில ரெடி. அடுத்த வருஷம் ரெஸில்மேனியா 14ல ஆஸ்டின் சாம்பியன்.

இதுக்காக கம்பெனிக்கு உடனே கோயில் கட்டிடாதீங்க. இதே ஆஸ்டின் 1995ல அடிபட்டு வீட்ல கிடந்தப்போ போட்டி கம்பெனியான டபிள்யூசிடபிள்யூ போன்லயே வேலையை விட்டுத் தூக்குச்சு. சரி, டபிள்யூடபிள்யூஎஃப் வந்தாரே, அங்கயாவது மரியாதையா வெச்சாங்களான்னா 'ரிங்மாஸ்டர்'னு ஒரு மொக்கைப் பேரு, பக்கத்துல அவருக்குப் பதிலா பேசறதுக்கு டெட் டிபியாஸி. மைக்கைக் குடுத்தா கூட்டத்தையே கட்டிப்போடற ஆளுக்கு வாடகை வாய்! வேற பேரு வேணும்னு கேட்டதுக்கு 'ஐஸ் டாகர்' ரேஞ்சுல ஒரு லிஸ்ட் அனுப்பியிருக்காங்க, கடைசியில டீ ஆறி 'ஸ்டோன் கோல்டு' ஆகறதுக்குள்ள குடின்னு மனைவி சொன்ன வார்த்தையில இருந்துதான் பேரே கிடைச்சுதுன்னு அவரே சொல்லியிருக்கார். 1996 கிங் ஆஃப் தி ரிங் போட்டியில ஜெயிக்கறதுக்கும் முதல்ல எழுதி வெச்சிருந்தது டிரிபிள் எச்ங்கற இன்னொரு ரெஸ்லர் பேரு, அவர் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்துல கம்பெனியை விட்டுப் போற நண்பர்களை வழியனுப்பறேன்னு வில்லன் ஹீரோ பாகுபாடு இல்லாம ரிங்லயே கட்டிப்பிடிச்சு நின்னதுக்கு தண்டனை குடுத்தாங்க, அந்தச் சான்ஸ் ஆஸ்டினுக்கு வந்துச்சு, வந்தவுடனே பைபிள் வசனத்தை நக்கலடிச்சு 'ஆஸ்டின் 3:16'னு ஒரு வரி பேசினார், டிஷர்ட் வித்துத் தள்ளுச்சு. அந்தக் காலத்தோட பெரிய ஸ்டார் ப்ளான்லயே இல்லாத ஆளு, புரியுதா?

இப்போ உங்க ஃபார்முலாவுக்கு வருவோம், வரிசையா ஜெயிக்க வெக்கிறது. செஞ்சு பாத்திருக்காங்க, டபிள்யூசிடபிள்யூல, கோல்ட்பர்க்கை வெச்சு. 1997 செப்டம்பர்ல ஆரம்பிச்சு ஒருத்தர் விடாம ரெண்டு நிமிஷம் மூணு நிமிஷத்துல தூக்கிப் போட்டுட்டே போனார், 173க்கு 0ன்னு சொன்னாங்க (அந்த எண்ணிக்கையிலயே காத்தடிச்சு ஊதினது தனிக்கதை). 1998 ஜூலை 6, அட்லாண்டா ஜார்ஜியா டோம், சுமார் 40 ஆயிரம் பேரு, அப்போ சாம்பியனா இருந்த பெரிய ஸ்டார் ஹல்க் ஹோகனைத் தோக்கடிச்சு சாம்பியன் பெல்ட். இதைக் காசு குடுத்துப் பாக்கற பே பெர் வியூல வெச்சிருந்தா கல்லா நிரம்பியிருக்கும், ஆனா அந்த வார ரேட்டிங்ல எதிராளி டபிள்யூடபிள்யூஎஃப்பை ஜெயிக்கணும்னு சும்மா டிவியிலயே போட்டுட்டாங்க. சரி போகட்டும், கூட்டமாவது சந்தோஷமா வீட்டுக்குப் போச்சு. டிசம்பர் 27, டபிள்யூசிடபிள்யூவோட பெரிய ஷோவான ஸ்டார்கேட்ல கெவின் நாஷ் அந்தத் தொடரை முடிச்சார், ஸ்காட் ஹால் கரன்ட் ஷாக் குடுக்கற கருவியோட வந்து உதவி பண்ணார், அன்னிக்கு கோல்ட்பர்க்குக்குப் பொறந்தநாள் வேற. இந்தத் தோல்விதான் எல்லாத்தையும் கெடுத்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை போடறாங்க. எனக்கு அப்படித் தோணல. துரோகத்தால தோத்த ஹீரோ பழிவாங்க வர்றது ஆயிரம் தடவை ஓடின கதைதான், ஆனா ஓடற கதை.

எட்டு நாள் கழிச்சு திங்கட்கிழமை, 1999 ஜனவரி 4. அதே ஜார்ஜியா டோம். நாஷ்கூட கோல்ட்பர்க் மறு மோதல்னு விளம்பரம் பண்ணி டிக்கெட் வித்தாச்சு. நடுவுல கோல்ட்பர்க்கை போலீஸ் கைது பண்ற மாதிரி ஒரு ட்ராமா போட்டு ஆளைக் கிளப்பிட்டாங்க, பதிலுக்கு ஓய்வு வாங்கிட்டேன்னு சொல்லியிருந்த ஹோகன் வந்து நிக்கறார். மணி அடிச்சாச்சு. ஹோகன் ஒத்தை விரலால நாஷோட நெஞ்சுல ஒரு குத்து, குத்துன்னுகூட சொல்ல முடியாது, காலிங் பெல் அழுத்தற மாதிரி, ஏழடி ஆளு அப்படியே மல்லாக்க விழறார், ஒண்ணு ரெண்டு மூணு, பெல்ட் கை மாறுது, ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு சிரிக்கறாங்க. அதுக்கப்புறம் கோல்ட்பர்க் ஓடி வர்றார், வந்து அடி வாங்கறார், அவரைக் கைவிலங்கு போட்டுக் கட்டி முதுகுல ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கறாங்க. காசு குடுத்து வந்த அத்தனை பேரையும் முட்டாளாக்கிட்டு ஷோ முடியுது. இதுல இன்னொரு கூத்து, அன்னிக்கே எதிர் சேனல்ல டபிள்யூடபிள்யூஎஃப்போட மிக் ஃபோலி சாம்பியன் ஆகற ஷோ ஓடுது, அது முன்னாடியே ஷூட் பண்ணது, அதனால வர்ணனை பண்ற டோனி ஷியவோனியை விட்டு ஃபோலி ஜெயிக்கப் போறாராம், இதைப் பாக்கக் கூட்டம் வந்துடுமான்னு நக்கலா சொல்ல வெச்சாங்க. சொல்லி வாயை மூடல, லட்சக்கணக்கான பேரு சேனலை மாத்தி ஃபோலியைப் பாக்கப் போயிட்டாங்க. 2001 மார்ச்சுல அந்த எதிராளிகிட்டயே டபிள்யூசிடபிள்யூவை வித்தாங்க.

இதெல்லாம் முட்டாள்தனம்னு மட்டும் நினைக்காதீங்க, கொஞ்சம் காரியக்காரத்தனமும் இருக்கு. ஹோகனோட காண்ட்ராக்ட்ல கதை முடிவுல தலையிடற உரிமை எழுத்துலயே இருந்துச்சு. தன் மேட்ச் எப்படி முடியணும்னு தானே முடிவு பண்ற ஆளு, தன் இடத்துக்கு வர்ற புதுப்பையனுக்கு எத்தனை நாள் வழி விடுவார், நீங்களே சொல்லுங்க.

கூட்டத்தோட குரலைக் கேக்காம விடறது இன்னொரு ரகம். 2012 ரெஸில்மேனியாவுல டேனியல் பிரையன் சாம்பியனா வந்து, காதலிகிட்ட ஒரு முத்தம் வாங்கிட்டுத் திரும்பினார், ஷேமஸோட கால் மூஞ்சியில விழுந்துச்சு, 18 செகண்டு, முடிஞ்சுது. கம்பெனிக்கு அது ஜோக். மறுநாள் திங்கட்கிழமை வந்த கூட்டம் யார் மேட்ச் நடந்தாலும் பிரையனோட கோஷமான 'எஸ் எஸ்'னு கத்தியே ஷோவை ஓட்டுச்சு. அப்பவும் காதுல ஏறல, 2014 ராயல் ரம்பிள்ல (முப்பது பேரு ஒவ்வொருத்தரா ரிங்குக்கு வர்ற மேட்ச், ஜெயிச்சவனுக்கு ரெஸில்மேனியாவுல சாம்பியன் சான்ஸ்) கடைசி ஆளா பிரையன் வருவார்னு எல்லாரும் காத்திருக்க, வந்தது ரே மிஸ்டீரியோ, பாவம் எல்லாருக்கும் பிடிச்ச மனுஷன், அவரையே ஊளையிட்டு விரட்டினாங்க. அதுக்கப்புறம்தான் ப்ளானை மாத்தி ரெஸில்மேனியா 30ல பிரையன் கையில பெல்ட்டைக் குடுத்தாங்க.

அடுத்த வருஷமே பழைய குருடி கதவைத் திறடி. பிலடெல்ஃபியாவுல ரோமன் ரெய்ன்ஸ் ரம்பிள் ஜெயிக்கறார், கையைத் தூக்கிவிட தி ராக்கையே கூட்டிட்டு வந்தாங்க, கூட்டம் ராக்கையும் சேத்துத் திட்டுது, ராக் முகத்தைப் பாக்கணுமே. உங்க ஃபார்முலாபடி ரோமனை அஞ்சு வருஷம் ஜெயிக்க வெச்சாங்க, வெச்ச அளவுக்குத் திட்டு வாங்கினார். 2020 ஆகஸ்ட்ல அதே ஆளை வில்லனாக்கி பக்கத்துல அவருக்காகப் பேசற மேனேஜரா பால் ஹேமனை நிக்க வெச்சாங்க, நீங்க திட்டினா எனக்கென்ன, நான்தான் தலைவன்னு நின்னார், 1316 நாள் பெல்ட் அவர்கிட்டயே இருந்துச்சு. ஆளு அவரேதான், திட்டையே கதையாக்கத் தெரிஞ்சுது, அவ்ளோதான்.

இப்போ ஒருத்தரைக் கெடுத்தா கம்பெனிக்கு வலிக்கவும் வலிக்காது. அந்தக் காலத்துல பே பெர் வியூ விக்கலன்னா வீட்டுக்குப் போகணும். இப்போ டிவி காசுதான், வாராந்திர ஷோவான ஸ்மாக்டவுனுக்கு 2019ல இருந்து ஃபாக்ஸ் அஞ்சு வருஷத்துக்கு 100 கோடி டாலர் குடுத்துச்சு, திங்கட்கிழமை ஷோவான ராவுக்கு நெட்ஃப்ளிக்ஸ் பத்து வருஷத்துக்கு 500 கோடி டாலர். நடுவுல ஆடற ஒருத்தன் இருந்தாலும் போனாலும் அந்தக் காசு வந்துடும். இதுல ஆடறவங்க எல்லாரும் பேப்பர்ல இண்டிபெண்டன்ட் காண்ட்ராக்டர்ஸ், சங்கமும் கிடையாது, கேள்வி கேக்க ஆளும் கிடையாது. ஸாக் ரைடர்னு ஒருத்தர், கம்பெனி கண்டுக்கலன்னு தானே யூடியூப்ல ஷோ போட்டுக் கூட்டம் சேத்தார், 2011 டிசம்பர்ல வேற வழியில்லாம ஒரு பெல்ட் குடுத்தாங்க, ஒரு மாசத்துல பிடுங்கிட்டு கொஞ்ச நாள்ல வீல்சேரோட மேடையில இருந்து கேன்ங்கற வில்லனை விட்டுத் தள்ளிவிட வெச்சாங்க. தன்னால வளர்ந்தவன் மேல அவ்ளோ காண்டு.

கடைசிக் கேள்வி, வெளிய போனா உருப்படுவானா. 3எம்பின்னு ஒரு காமெடி பேண்டு, வாரா வாரம் வந்து கிடார் வாசிக்கிற மாதிரி நடிச்சுட்டு அடி வாங்கிட்டுப் போறதுதான் வேலை. அதுல மூணு பேரு. வருங்கால சாம்பியன்னு 2009ல அப்போதைய முதலாளி வின்ஸ் மக்மான் வாயாலயே அறிமுகமான ட்ரூ மெக்கின்டயர், ஜிந்தர் மஹால், ஹீத் ஸ்லேட்டர். 2014 ஜூன்ல ட்ரூவையும் ஜிந்தரையும் ஒரே நாள்ல அனுப்பிச்சாங்க. வெளிய போய்த் திரும்பி வந்து ஜிந்தர் 2017ல சாம்பியன் ஆனார் (அவர் ஆட்டத்தைப் பத்தி என் வாயைக் கிளறாதீங்க). ட்ரூ ஊர் ஊரா ஆடி உடம்பையும் பேச்சையும் தேத்திட்டு வந்து 2020 ரெஸில்மேனியாவுல பிராக் லெஸ்னரைச் சாய்ச்சார், கொரோனா சமயம், ஹால்ல ஒரு ஈ காக்கா இல்ல, பெல்ட்டை வாங்கிட்டு கேமராவைப் பாத்து கையை நீட்டி தேங்க்ஸ் சொன்னார். போகாம உள்ளயே இருந்து குடுத்த வேஷத்தையெல்லாம் போட்டவர் ஸ்லேட்டர். அந்த மேட்ச் ஒளிபரப்பான பத்தாவது நாள் அவரை வேலையை விட்டு எடுத்தாங்க, அதே லிஸ்ட்ல ஸாக் ரைடரும். ஜூலையில ஸ்லேட்டரை ஒரே ஒரு ராத்திரிக்குக் கூப்பிட்டு ட்ரூகிட்ட தோக்க வெச்சாங்க, மேட்ச் முடிஞ்சதும் ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க, அடுத்த திங்கட்கிழமை ஸ்லேட்டருக்கு அங்க வேலை இல்ல.