கயேன் கூலன்ட் பைப்: உடையும் முன்பே மாற்றலாமா?

கேள்வி: 2005 மாடல் போர்ஷே கயேன் எஸ் ஒன்று விலைக்கு வருகிறது. "பிளாஸ்டிக் பைப் மாத்தியாச்சான்னு கேளுங்க" என்கிறார்கள். அது எந்தப் பைப்? மாற்றியிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகர், கோவை

பதில்: நல்ல கேள்வி. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கேட்டது அதைவிட நல்லது. 2003 முதல் 2006 வரை வந்த 4.5 லிட்டர் வி-8 இன்ஜினில், இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில், இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் பகுதி) அடியில் கூலன்ட் பைப்புகள் போகின்றன. கூலன்ட் என்பது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். எஸ், டர்போ இரண்டிலும் கம்பெனி போட்டது பிளாஸ்டிக். அந்த இடத்தில் சூடு வெளியேற வழியே கிடையாது. வருஷக்கணக்கில் வெந்த பைப், கழற்றும்போது அப்பளமாக நொறுங்கும். இதில் கிலோமீட்டரைவிட வயசுதான் கணக்கு. பின்னால் போர்ஷேயே அலுமினியப் பைப் செட் கொண்டுவந்தது. அமெரிக்காவில் உரிமையாளர்கள் தொடுத்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. 3.2 லிட்டர் வி-6 வேறு இன்ஜின். அதில் இந்த அமைப்பு இல்லை.

மாற்றியாச்சு என்று வாயால் சொன்னால் போதாது, பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் இன்ஜின் மேல்மூடியைக் கழற்றி, மேனிஃபோல்டு இடுக்கில் சின்ன போரோஸ்கோப் கேமராவை விட்டுப் பாருங்கள். கறுப்பாகத் தெரிந்தால் பிளாஸ்டிக், வெள்ளியாகப் பளபளத்தால் அலுமினியம். பிறகு இன்ஜின் ஆறியிருக்கும்போது பிரஷர் டெஸ்டரை மாட்டி 1 பார் வரை ஏற்றி, கால் மணி நேரம் விடுங்கள். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது.

இங்கே ஒரு குழப்பம் வரும். பள்ளத்தில் கசிந்த கூலன்ட் பின்பக்கமாக வழிந்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில்தான் சொட்டும். அதைப் பார்த்து ஆயில் சீல் போச்சு என்று கியர்பாக்ஸை இறக்கிவிடுவார்கள். சொட்டு இளஞ்சிவப்பாக, விரலில் வழவழப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் அது கூலன்ட்தான்.

கேள்வி: லேசான கசிவுதான். லீக் அடைக்கும் திரவம் ஊற்றி, தண்ணீர் சேர்த்து ஓட்டினால் என்ன? – வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். அந்தத் திரவம் விரிசலில் நிற்காது; ஹீட்டர் கோரிலும் (ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர்) பெரிய ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் போய் நிற்கும். இன்று நூலாக இருக்கும் விரிசல், நெடுஞ்சாலையில் சூடு ஏறும்போது பிளந்தால் சில நிமிடங்களில் கூலன்ட் முழுக்கக் கொட்டிவிடும். அப்போது டெம்பரேச்சர் முள்ளை நம்ப முடியாது, ஏனென்றால் சென்சாரைச் சுற்றித் திரவமே இல்லாமல் அது ஆவியை அளந்துகொண்டிருக்கும். கூலன்ட் எச்சரிக்கை வந்த உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். இன்னும் பத்து கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். செலவு எங்கேயோ போய்விடும்.

போர்வெல் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இந்த வண்டிக்கு ஆகாது. உப்பு படியும், அலுமினிய பிளாக் அரிக்கும். கம்பெனி சொன்ன வகைக் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். நம்ம ஊரில் உறைபனி ஏது என்று சிலர் வெறும் தண்ணீர் விடுகிறார்கள். ஆனால் சாதாரணக் காற்றழுத்தத்தில் அந்தக் கலவை கொதிப்பது சுமார் 107 டிகிரியில். வெறும் தண்ணீர் 100-லேயே கொதித்துவிடும்.

கேள்வி: மாற்றுவதென்றால் எதையெல்லாம் சேர்த்துச் செய்ய வேண்டும்? – வாசகர், திருச்சி

பதில்: பைப் செட், அதன் ஓ-ரிங்குகள் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்), இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட், தெர்மோஸ்டாட் எல்லாமே புதுசாக வேண்டும். கூடவே ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பாருங்கள். அது இருப்பது அதே பள்ளத்தில், பைப்புக்குக் கீழே. கூலன்ட்டில் ஊறியிருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். இல்லையேல் சில மாதத்தில் மறுபடி மேனிஃபோல்டைக் கழற்றிக் கூலி கொடுப்பீர்கள்.

முதலில் பியூயல் பிரஷரை இறக்க வேண்டும். மேனிஃபோல்டு வெளியே வந்ததும் சிலிண்டர்களுக்குப் போகும் எட்டுத் துளைகளையும் டேப் போட்டு மூடச் சொல்லுங்கள். ஒரு பிளாஸ்டிக் துண்டு உள்ளே விழுந்தாலும் வம்பு. பழைய பைப்பை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதன் முனை, பைப் பொருந்தும் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். கெட்டுப்போவதெல்லாம் இந்த இடத்தில்தான். ஸ்க்ரூடிரைவரால் குத்தி நெம்பினால் துளைச் சுவரில் கீறல் விழும், எத்தனை ஓ-ரிங் மாற்றினாலும் அங்கே கசியும். பிளாஸ்டிக்கை உள்பக்கமாகச் சுருட்டி, பொறுமையாக உரித்தெடுத்து, துளையை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஓ-ரிங்குக்குக் கூலன்ட்டையே தடவுங்கள். கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிவிடும்.

நிரப்பும்போது வேக்குவம் கருவி உள்ள ஒர்க்‌ஷாப்பாகப் பாருங்கள். வேக்குவம் சில நிமிடம் இறங்காமல் நின்றால் லீக் இல்லை, உள்ளே காற்றும் தங்காது. கருவி இல்லாவிட்டால் ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து நிரப்பலாம். இன்ஜின் சூடான பிறகும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் காற்றுக்குமிழி மாட்டியிருக்கிறது. மறுநாள் காலை, ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து அளவு பாருங்கள்.

கேள்வி: என்னுடையது 2008 மாடல். அலுமினியப் பைப்தானே, கவலையில்லையே? – வாசகர், சேலம்

பதில்: கவலை இடம் மாறியிருக்கிறது. 4.8 லிட்டர் வி-8-ல் பைப் உலோகம்தான், ஆனால் அது பொருந்தும் ஹவுசிங்கோடு (உலோகக் கூடு) அதைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். வயசானால் பசை விட்டு, பைப் கழன்று வந்துவிடும். ஹவுசிங்கைப் புதிதாக வாங்கினாலும், நல்ல டிக் வெல்டிங் ஆளிடம் கொடுத்து இணைப்பைப் பற்றவைத்தபின் மாட்டுங்கள்.