வேலியில் செந்தட்டி: மருந்தடிப்பதா, வேர் விற்பதா?

கேள்வி: கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். வேலியில் ஒரு கொடி ஏறிவிட்டது. இலை பட்டாலே நெருப்பாய் எரிகிறது, களையெடுக்க ஆள் வர மறுக்கிறார்கள். நேற்று ஆடு கடித்து உதடு வீங்கிவிட்டது. ஒரு மருந்துச்சரக்கு வியாபாரி வேரை வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். களைக்கொல்லி அடிக்கட்டுமா, வளர்க்கட்டுமா?

பதில்: ஐயா, களைக்கொல்லி வேண்டாம். ஆடு மேயும் வேலி அது.

முதலில் காயைப் பாருங்கள். ஆமணக்குக் காய் மாதிரி மூன்று பிளவாகச் சின்னதாக இருந்தால் அது சிறுகாஞ்சொறி, அதாவது செந்தட்டி. உங்கள் ஊர் மலையாளிகள் கொடித்தூவ என்பார்கள். அவரை போல நீளக் காயும் அதன்மேல் பொன்னிறச் சுணையும் இருந்தால் பூனைக்காலி, அவர்களுக்கு நாய்க்குரணா. பூனைக்காலியில் மருந்துக்கு முக்கியமாகக் கேட்பது விதையை. இலையே எரிகிறது என்பதால் உங்களுடையது செந்தட்டிதான் என்று நினைக்கிறேன். இதில் வேருக்குத்தான் மதிப்பு.

வேரில் ஒரு சிக்கல் உண்டு. கேரள வைத்தியர்கள் செந்தட்டி வேரைத் துராலபா என்ற பெயரில் மருந்துகளில் சேர்க்கிறார்கள். வடக்கே அதே பெயரில் வேறு முள்செடியைப் பயன்படுத்துகிறார்கள். அதனால் வியாபாரியிடம் ஒரு கொடியை வேரோடு காட்டி, இதுதானா என்று கேட்டு, விலையையும் பேசிவிட்டு அப்புறம் தோண்டுங்கள். வேர் மெல்லியது. காய்ந்தபின் ஒரு கிலோ சேர எத்தனை கொடி பிடுங்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்குப் பாருங்கள். இதை மட்டும் நம்பி நிலம் ஒதுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

எரிச்சலுக்குக் காரணம் சுணைக்குள் இருக்கும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகம். அது தோலைக் குத்துகிறது. காய்ந்த கொடியும் குத்தும், பிடுங்கியதை வரப்பில் போடாதீர்கள். தோலில் பட்டால் தேய்க்கவே கூடாது. செலோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துவிட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆட்டின் வாயை ஈரத்துணியால் மெதுவாக ஒற்றி எடுத்து, குளிர்ந்த தண்ணீர் வையுங்கள். மூச்சில் சத்தம் வந்தாலோ, வீக்கம் குறையாமல் தீவனம் எடுக்காவிட்டாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இருமலுக்கும் காய்ச்சலுக்கும் நல்லது என்று யாராவது சொன்னார்கள் என்று வீட்டிலேயே வேரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம். அது வைத்தியர் அளந்து தர வேண்டியது.

மழை பெய்து மண் நெகிழ்ந்த மறுநாள், முழுக்கைச் சட்டையும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு, மண்வெட்டியால் அடிமண்ணைப் பறித்து வேரோடு எடுங்கள். பாதி வேர் நின்றால் திரும்பத் துளிர்க்கும். ஆள் நடமாடாத, ஆடு எட்டாத மூலையில் மட்டும் நாலைந்து கொடியை விட்டுவையுங்கள், விதைக்கு ஆகும். காய் பழுப்பேறத் தொடங்கியதும் துணிப்பை கட்டிவிடுங்கள். காய்ந்தால் வெடித்து, விதை தோப்பு முழுக்கச் சிதறிவிடும்.