விழித்திரையில் ஒரு செல்லுக்குத் தன் இடம் எப்படித் தெரிகிறது?

கேள்வி: விழித்திரை முழுக்க ஒரே படலத்திலிருந்துதான் உருவாகிறது என்கிறார்கள். அப்படியென்றால் மேல், கீழ், நடு என்ற வேறுபாடு கருவிலேயே எப்படி வருகிறது?

கோழிக் கருவை வைத்து ஆய்வு செய்த இரண்டு வருடங்களும் என்னை விடாமல் துரத்திய கேள்வி இது. முட்டை ஓட்டில் சின்னதாக ஒரு சன்னல் வெட்டி நான்காம் நாள் கருவைப் பார்த்தால் முதலில் தெரிவது கண்தான். உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிதாக இருக்கும். அதன் கீழ்ப்பக்கத்தில் மட்டும் நிறமில்லாத ஒரு மெல்லிய கோடு ஓடும். கிண்ணம்போல் மடிந்து வரும் கண் இன்னும் ஒட்டிச் சேராத இடம் அது. அதாவது, எது தன் கீழ்ப்பக்கம் என்பது கண்ணுக்கு அப்போதே முடிவாகிவிட்டது.

யார் சொல்லி முடிவானது? சுற்றியுள்ள திசுக்களிலிருந்து கசியும் வேதிப்பொருட்கள்தான். எந்தப் பொருள் தன்னிடம் எவ்வளவு வந்து சேர்கிறது என்பதை வைத்தே ஒவ்வொரு செல்லும் தன் இடத்தை அறிகிறது.

மூளையின் நடுக்கோட்டில், அடிப்பக்கத்திலிருந்து வருவது சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதம். கண் என்று ஒன்று தெரியும் முன்பே இதன் வேலை தொடங்கிவிடுகிறது. முதலில் நடுவில் ஒரே ஒரு கண் பரப்புதான் உண்டு. இந்தப் புரதம்தான் அதை இரண்டாகப் பிரிக்கிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1950களில் ஒற்றைக் கண்ணோடு ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. சினையாகி ஏறக்குறைய 14ஆம் நாளில் தாய் ஆடு தின்ற ஒரு காட்டுச் செடிதான் காரணம். அந்தச் செடியிலிருந்த சைக்ளோபமைன் என்ற பொருள் சோனிக் ஹெட்ஜ்ஹாக்கின் செய்தியைச் செல்களுக்குள் போகவிடாமல் தடுக்கிறது என்பது பல வருடங்கள் கழித்தே தெரியவந்தது.

மேல்பக்கத்தில் பிஎம்பி4 என்ற வேறொரு புரதம் சுரக்கிறது. அது எட்டும் செல்களில் டிபிஎக்ஸ்5 என்ற மரபணு விழித்துக்கொள்கிறது. கீழே உள்ள செல்களில் வாக்ஸ்2. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது தலைதூக்க முடியாது. எல்லை தெளிவாக விழுவது இந்த இழுபறியால்தான். 2000இல் வெளியான ஒரு ஆய்வில் கோழிக் கருவின் கீழ் விழித்திரையில் டிபிஎக்ஸ்5ஐச் செயல்பட வைத்தார்கள். அந்தச் செல்கள் மேல்பக்கத்துச் செல்களின் குணத்தைக் காட்டின; மூளைக்கு அவை அனுப்பிய நரம்பு இழைகளின் போக்கும் மாறிப்போனது. மூக்குப் பக்கம், காதுப் பக்கம் என்ற பிரிவினையும் ஏறக்குறைய இதே பாணிதான்: மூக்குப் பக்கம் ஃபாக்ஸ்ஜி1 மரபணு, காதுப் பக்கம் ஃபாக்ஸ்டி1.

இந்த முகவரி எவ்வளவு உறுதியானது என்பதற்கு நரம்பியல் ஆய்வாளர் ரோஜர் ஸ்பெர்ரியின் தவளைகளே சாட்சி. 1940களில் அவர் பார்வை நரம்பை வெட்டி, கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். நரம்பு மறுபடி வளர்ந்தது. ஆனால் பூச்சி மேலே இருந்தால் தவளை கீழே பாய்ந்தது. எத்தனை முறை தவறினாலும் திருந்தவே இல்லை. ஒவ்வொரு இழையும் மூளையில் தன் பழைய இடத்தையே தேடிப் போய்ச் சேர்ந்திருந்தது. வேதி அடையாளங்கள்தான் இழைகளுக்கு வழிகாட்டுகின்றன என்று ஸ்பெர்ரி வாதிட்டார். அப்படிப்பட்ட எஃப்ரின் புரதங்கள் 1995இல்தான் கைக்குக் கிடைத்தன.

இனி நடுப்பகுதி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வைட்டமின் ஏயிலிருந்து ரெட்டினாயிக் அமிலத்தைத் தயாரிக்கும் நொதிகள் விழித்திரையின் மேலேயும் கீழேயும் இருக்கின்றன. இடையில் குறுக்காக ஒரு பட்டை. அங்கே அந்த அமிலத்தைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் தயாரித்து நடுவில் அழிப்பது வீண் வேலையாக எனக்கு முதலில் பட்டது. அப்புறம் 2017இல் சுசானா டா சில்வா, கான்ஸ்டன்ஸ் செப்கோ இருவரின் ஆய்வைப் படித்தேன். கோழியின் கூர்பார்வைப் பகுதி உருவாவது அந்தப் பட்டைக்குள்தான். அமிலம் சிதையாமல் அங்கேயே தங்கும்படி செய்தபோது அந்தப் பகுதி ஒழுங்காக அமையவில்லை. மனிதக் கருவிலும் ஃபோவியா, அதாவது நம் கண்ணின் கூர்பார்வைப் புள்ளி, வரப்போகும் இடத்தில் அதே சிதைக்கும் நொதி தென்படுகிறது. நீங்கள் இந்த எழுத்துகளை இப்போது படிப்பது ஃபோவியாவால்தான். ஒரு வேதிப்பொருளை ஓரிடத்தில் இல்லாமல் ஆக்குவதற்குக் கரு இவ்வளவு பாடுபடுகிறது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். நிறம் போட்டுப் படமெடுத்த கருக்களில் அதுவரை நான் வெற்றிடம் என்று தள்ளிவிட்ட பகுதிகளையெல்லாம் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

இந்த அமிலம் மொத்தமாகக் குறைந்தாலும் ஆபத்துதான். 1933இல் ஃபிரெட் ஹேல் என்ற ஆய்வாளர் வைட்டமின் ஏ இல்லாத தீனி கொடுத்து வளர்த்த பன்றிக்கு 11 குட்டிகள் பிறந்தன. ஒன்றுக்கும் கண்விழி இல்லை. அதற்காக வைட்டமின் ஏ மாத்திரையைக் கூடுதலாக விழுங்கினால் குழந்தையின் கண்ணுக்கு நல்லது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கடும் முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் ரெட்டினாயிக் அமிலத்தின் இன்னொரு வடிவம்தான். கருவின் முகம், இதயம், மூளை எல்லாவற்றையும் அது கெடுக்கக்கூடும் என்பதால் கர்ப்ப காலத்தில் அதை அறவே தொடக்கூடாது.